ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது

நாங்கள் சொன்னது நாற்பது ஓட்டு முன்னிலை.
வந்தது பதினொன்று,
அதுவும் எதிராளிக்கு.

ஆபீசில் யாரும் திட்டவில்லை.
ஒரு பூத்துதானே என்றார்கள்.
தொகுதி எங்கள் கணக்குப்படியே விழுந்திருந்தது.
கேக் வெட்டினார்கள்,
கிரீமில் சதவீதக்குறி வரைந்த கேக்.
எனக்கு மட்டும் அந்த ஒரு கட்டம்
பல்லிடுக்கில் பாக்குத்துண்டு.

நகரிக்குத் தெற்கே
எல்லைக்கல்லுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால்
நூற்றுப் பதினேழாம் பூத்.
பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு அறை.
வாக்காளர் எண்ணூற்று நாற்பத்திரண்டு.
விசைத்தறிகளை யாரும் எண்ணியதில்லை,
நான் எண்ணினேன்: முந்நூற்றுப் பத்து.

தை மாதம் சர்வேக்குப் போனவளும் நான்தான்.
தாய்மொழி என்று ஒரு கேள்வி.
தெலுங்கில் கேட்டால் தெலுங்கு என்றார்கள்,
தமிழில் கேட்டால் தமிழ்.
ஒரு வீட்டில் இரண்டையும் கலந்து கேட்டுப் பார்த்தேன்.
பாவு நூலின் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த தாட்சாயணி
தலை நிமிராமலே சொன்னாள்:
"உனக்கு எது வேணுமோ போட்டுக்கோ, நாக்கேமி."

வாக்காளர் பட்டியலில் ழ கிடையாது.
என் தாளில் எழிலரசி.
பட்டியலில் எளிலரசி.
துணைப்பட்டியலில் எலிலரசி.
மென்பொருளுக்கு மூன்று பெண்கள்.
மூவரும் ஒரே சின்னத்துக்குப் போடுவார்கள் என்று
அது கணித்தும் வைத்திருந்தது.
ராத்திரி முழுக்க உட்கார்ந்து
மூவரையும் ஒருத்தியாக்கினேன்.

வயது, சாதி, சொந்தத் தறியா கூலித் தறியா,
பென்ஷன் வருகிறதா, போன தடவை யாருக்கு,
இப்படி இருபத்தொன்பது நிரல்கள்.
இதற்கு மேல் ஒரு மனிதரிடம்
கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

முடிவு வந்த பிறகு
இரண்டு மணிக்கொருதரம் எழுதிய வாக்குப்பதிவுத் தாள் கிடைத்தது.
மூன்று மணிக்கு ஐம்பத்தெட்டு சதவீதம்.
ஐந்து மணிக்கு அறுபத்தொன்பது.
முடியும்போது எழுபது.

கத்திரி வெயில் ஊர்.
நிழல் சாய்ந்த பிறகுதான் ஜனம் தெருவில் இறங்கும்.
பக்கத்து பூத்துகளில் கடைசி ஒரு மணி நேரத்தில்
டோக்கன் கொடுத்து ஏழரை வரை ஓட்டு வாங்கினார்கள்.
இங்கே மட்டும் ஒரே ஒரு சதவீதம்.
மற்றவர்கள் எங்கே?

ஆனியில் மறுபடி போனேன், சொந்தக் காசில்.

அன்றைக்குக் காலையிலேயே டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிட்டதாம்.
தெருவே ஊமையாகக் கிடந்ததாம்.
நாலரைக்கு வரிசை வேப்பமரம் தாண்டியிருந்தது.
ஐந்தடித்துச் சில நிமிஷம்,
கோடியில் ஒரு வீட்டில் தறி ஓடிற்று.
அப்புறம் அதற்கு எதிர்வீடு.
அப்புறம் தெரு மொத்தமும்
டடக் டடக்கென்று பிடித்துக்கொண்டது.

யாரும் ஓடவில்லை என்றாள் தாட்சாயணி.
செருப்பைத் தேடுவது போல் குனிந்து
ஒவ்வொருவராக நழுவினார்களாம்.
கூலித் தறிக்காரர்கள்.
மீட்டர் கணக்கில் வயிறு.
என் தாளில் அவர்கள் பெயருக்கு நேரே
'உறுதி' என்று போட்டிருந்தேன்.
என் பிழைக்கும் அந்த வரிசைக்கும்
ஏறக்குறைய ஒரே நீளம்.

"நீ போட்டியா?" என்று கேட்டாள்.
எனக்கு ஓட்டு பள்ளிப்பட்டில்.
அங்கே தேர்தல் நடந்த நாளில்
அவள் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தேன்,
பேனாவோடு.
அதைச் சொன்னேன்.
சிரிக்கவில்லை அவள்.
தறியை நிறுத்தவும் இல்லை,
அதனால் நான் சொன்னது
அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது.

திரும்பி வந்து முப்பதாவது நிரல் சேர்த்தேன்.
தலைப்பு: கரண்ட்.

மறுநாளே ஐதராபாத்திலிருந்து ஒரு மெயில்.
எந்த வரிசையிலும் இந்த நிரல் நிரம்பவில்லை,
நீக்கிவிடலாமா என்று.

இன்னும் பதில் போடவில்லை.